கடலடியில் உன் கைகள்

உன் வீட்டை ஒழித்துக்கொண்டிருக்கும் உன் மகள் நேற்று ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். பிரித்ததும் ரப்பர் வாடை. கடலுக்குள் பார்க்க உன் மருமகன் உனக்கு வாங்கித் தந்த கண்ணாடி. ஓரத்தில் வெள்ளை மணல் இன்னும் ஒட்டியிருக்கிறது. நீ அதை ஒருநாள்கூட மாட்டியதில்லை என்பது அவளுக்குத் தெரியாது.

நீ ஒகேனக்கல் பரிசல்காரன். நான் பென்னாகரத்தில் பம்ப்செட் மோட்டார் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவன். பள்ளிக்கூடம் போகாமல் பொட்டலம் கட்டி வந்த பேப்பரில் எழுத்துக் கூட்டிப் படித்தவன். நான் எழுதும் இதில் பிழை இருந்தால் இருக்கட்டும். உன்னிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

உன் மருமகன் அந்தமானில் பாய்மரப் படகில் வேலை செய்கிறான். நான்கு நாள் தீவு தீவாகப் போகிற பயணத்தில் இரண்டு இடம் காலி என்று அவன் கூப்பிட, நீ பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாய்.

"வூட்டுல குந்திட்டு என்னாப் பண்ணப் போற, கெளம்பு."

"உங்கூடவா?"

"தண்ணில தள்ளி உட மாட்டேன், வா."

'உங்கூடவா' என்று கேட்டதற்குக் காரணம் உனக்கும் தெரியும். அதற்கு இருபது வருடம் முன்பு, ஆற்றில் வெள்ளம் வந்த சமயம், குளிக்க இறங்கிய என் தம்பி மேலே வரவில்லை. நீதான் குதித்தாய். மதியத்திலிருந்து பொழுது சாயும்வரை முங்கினாய். பிறகு கரையேறி, "இங்க இல்லப்பா" என்றாய். மறுநாள் தண்ணீர் வடிந்ததும், நீ முங்கிய இடத்திலிருந்து பத்தடி தள்ளி, ஒரு பாறை இடுக்கிலிருந்து வேறு ஆட்கள் அவனை எடுத்தார்கள்.

அன்றிலிருந்து நமக்குள் எந்தப் பேச்சு தடித்தாலும் நான் அங்கேதான் வந்து நிற்பேன். "நீ சரியாத் தேடல." நீ ஒருநாளும் பதில் சொன்னதில்லை. பதில் இல்லாததையே நான் சாட்சியாக வைத்துக்கொண்டேன்.

படகு கிளம்பிய முதல் நாளே நீ வாந்தி எடுத்தாய். "சுத்தற பரிசல்ல பொழச்சவன், நேராப் போற படகுல சாயறயே" என்றேன். வாயைத் துடைத்துக்கொண்டு கடலைப் பார்த்தாய். "இவ்ளோ தண்ணி. ஒரு வாய் குடிக்க ஆவாது. உன்னாட்டந்தான்." மருமகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பாயின் கயிற்றை இழுத்தான்.

மூன்றாம் நாள் ஒரு தீவின் பக்கம் நங்கூரம் போட்டார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி. இரண்டு ஆள் ஆழத்தில் பவளப்பாறையும் மணலும் தெரிந்தன. மூச்சுக்குழாயைக் கவ்வ என் பல்செட்டு இடைஞ்சலாக இருந்தது. கழற்றித் துண்டில் சுற்றி ஓரமாக வைத்தேன். நீ முகம் துடைக்க அந்தத் துண்டை எடுத்து உதறினாய். பல்செட்டு கடலுக்குள் விழுந்தது.

"தொலச்சயா? அதையும் தொலச்சயா?" என்றேன்.

'அதையும்' என்று நான் சொன்னது உனக்குக் கேட்டது. சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாய். மருமகன் நீட்டிய கண்ணாடியைத் தள்ளிவிட்டாய். நான் மிதவைச் சட்டையோடு இறங்கி, படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன்.

மஞ்சள் மீன்கள் கூட்டமாக விலகின. அவற்றுக்கடியில் நீ. கண்ணை இறுக மூடியிருந்தாய். அத்தனை வெளிச்சத்தில், அடிமணல்வரை தெரிகிற தண்ணீரில், கண்ணை மூடிக்கொண்டு இரண்டு உள்ளங்கையாலும் தரையைத் தடவிக்கொண்டு போனாய். இடமிருந்து வலம், ஒரு முழம் தள்ளி, மறுபடி இடமிருந்து வலம். ஒரு சாண்கூட விடவில்லை. பாறை இடுக்குகளில் விரலை விட்டுத் துழாவினாய். பல்செட்டு உனக்கு இடப்பக்கம் பத்தடியில் வெள்ளையாகக் கிடந்தது. மேலிருந்து பார்த்த எனக்குத் தெரிந்தது. உனக்குத் தெரியவில்லை.

மூன்று முறை முங்கி மேலே வந்தாய். "இங்க இல்லப்பா."

"மாமா, கண்ணத் தொறந்து பாருங்க, அந்தப் பக்கம் கெடக்குதுங்க" என்றான் மருமகன்.

"எனக்கு அது பழக்கமில்ல மாப்ள. வெள்ளத்துல கண்ணத் தொறந்தா சேறுதான். கைதான் பார்க்கும்."

அவன் ஒரே முங்கில் எடுத்து வந்துவிட்டான். நான் வாங்கி மாட்டிக்கொள்ளவில்லை. உன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பவளம் கிழித்து இரண்டிலும் ரத்தம். அன்று ஆற்றங்கரையிலும் உன் கையில் ரத்தம் இருந்தது. எனக்கு இப்போது ஞாபகம் வருகிறது. அன்று அதைப் பார்த்தும் பார்க்காதவனாக இருந்திருக்கிறேன்.

கடைசி நாள், காற்று விழுந்து படகு அசையாமல் நின்றபோது, நீயே ஆரம்பித்தாய். "அன்னிக்கு உன் தம்பிய..."

"பேசாத" என்றேன்.

போதும், நீ தேடினாய், எனக்குத் தெரிந்துவிட்டது என்பதைத்தான் அந்த ஒரு வார்த்தையில் சொல்ல நினைத்தேன். வெளியே வந்தது பழைய குரல். நீ தலையைத் திருப்பிக்கொண்டாய். ஊர் வந்து சேரும்வரை அந்தப் பேச்சை நீ எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றே எட்டு மாதம் ஓட்டினேன். தை மாதத்தில் நீ போய்விட்டாய், என் கோபம் அப்படியே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே.

வளைந்து கொடுக்காதவன் என்று ஊரில் எனக்குப் பெயர். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இப்போது இல்லை.

இந்த ஆடி அமாவாசைக்குத் தம்பிக்குத் திதி கொடுக்க ஆற்றங்கரைக்குப் போனேன். ஐயர் ஒவ்வொரு பெயராகக் கேட்டார். அப்பா பெயர் சொன்னேன், அம்மா பெயர், தம்பி பெயர். அப்புறம் உன் பெயரைச் சொன்னேன்.

"இவரு உங்களுக்கு என்ன முறைங்க?"

"முறை ஒன்னுமில்லைங்க" என்றேன். அவர் எள்ளைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"எந்தம்பியத் தேடுனவருங்க."