குருமாவில் நெய் உண்டா என்று கேட்கப் போனவன்

மாப்ள,

இன்றைக்கு மத்தியானம் நம் கடைக்குப் போயிருந்தேன். மெனு கார்டை மாற்றிவிட்டார்கள். பழையது உனக்கு ஞாபகம் இருக்கும், ஓரமெல்லாம் பிய்ந்து, சாம்பார்க் கறையோடு நாலு பக்கத்துக்கு இருக்குமே. புதியது ஒற்றை அட்டை. அதில் இடியாப்பம் குருமா என்று போட்டு, பக்கத்தில் சின்னதாய் ஒரு பச்சை இலை. இலை போட்டதில் பால், தயிர், நெய், வெண்ணெய் எதுவும் கிடையாது என்று கீழே விளக்கம் வேறு.

நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று தெரியும். அட்டையை என் பக்கம் திருப்பி, "ஏலே, எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வா" என்றிருப்பாய். அந்த அட்டையை என்னால் கையில் வைத்திருக்க முடியவில்லை. மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதமும் வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலேயே எதையோ தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டேன். இன்றைக்கு மட்டும் ஏன் போனாய் என்று கேட்காதே. வீட்டில் உட்கார்ந்திருப்பதும் அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

சான்டா கிளாராவில் ஒரே ஆபீஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் ஆரம்பித்த பழக்கம் நமக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானம் டப்பா கட்டிக்கொண்டு வருவதில்லை, வெளியேதான் சாப்பாடு. முதல் அஞ்சு வருஷம் நம்மைப்போலத் தின்றவர்கள் இந்த ஊரில் கிடையாது. மதுரைக்காரன் நான், ஆட்டுக்கால் பாயா எங்கே கிடைக்கும் என்று ஒரு மணி நேரம் டிரைவ் பண்ணுவேன். தூத்துக்குடிக்காரன் நீ, மீனைக் கண்டால் முள்ளைக்கூட விடமாட்டாய்.

பிறகு ஒரு லீவுக்குப் பிள்ளைகளோடு லாஸ் ஏஞ்சல்ஸ் கிளம்பினாய். வழியில் ஃப்ரீவேயை விட்டு இறங்கி, ஒரு பால் பண்ணைப் பக்கம் காரை நிறுத்தினாயாம். வரிசையாய் வெள்ளைப் பெட்டிகள், பெட்டிக்கு ஒரு கன்றுக்குட்டி. உன் மகள் கையை நீட்ட, ஒரு கன்று அவள் விரலை வாயில் வைத்துச் சப்பியிருக்கிறது. இதோட அம்மா எங்கேப்பா என்று அவள் கேட்டாளாம். "என்னால பதில் சொல்ல முடியலலே" என்றாய் என்னிடம். அந்தத் திங்கட்கிழமையிலிருந்து கறி, மீன், முட்டை, பால், தயிர், நெய் எல்லாவற்றையும் விட்டுவிட்டாய்.

நான் சும்மா இருப்பேனா? "ரெண்டு வாரம் தாங்குமா மாப்ள?" என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். ஊரிலிருந்து உன் அம்மா போனில், "மீன் வேண்டாம்னா போவட்டும், தயிர் என்னலே பாவம் பண்ணிச்சு?" என்று அழுதார்கள். சர்ச்சில் பாதர் உன்னை நிறுத்தி, "தவக்காலம் முடிஞ்சிருச்சே தம்பி, இன்னுமா?" என்று கேட்டார். நீ எல்லாரிடமும் சிரித்தாய். ஒருத்தரோடும் வாதம் பண்ணவில்லை. உனக்கு வாதம் பண்ணவே வராது.

வெளியே சாப்பிடப் போகிற வீகனுக்கு வாய் வேண்டும். உனக்கோ சர்வரிடம் இன்னொரு கிளாஸ் தண்ணீர் கேட்கவே கூச்சம். "நீ கேளுலே, உனக்குத்தான் வாய் இருக்கு" என்று அந்த வேலையை என் தலையில் கட்டினாய். இப்படித்தான் கறி தின்கிற நான், பால் கலக்காத சோறு தேடி இந்த ஊரிலுள்ள அத்தனை சமையல்கட்டையும் விசாரித்தேன். ஒரு கடையில் சாலட்டில் சீஸ் வேண்டாம் என்றேன். மேலே தூவியதை வழித்துவிட்டு அதே தட்டைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தான். இன்னொரு கடையில் காய்கறி சூப் என்று எழுதியிருந்தது, கொதித்தது கோழிச் சாறு. காஃபி ஷாப்பில் ஓட்ஸ் பால் எப்போதும் நம் முறை வரும்போதுதான் தீர்ந்துபோகும்.

நம்ம ஆட்களின் கடை இதைவிட மோசம். "ப்யூர் வெஜ் சார்!" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு நெய் மினுமினுக்கிற தோசையைக் கொண்டுவருவார்கள். நெய் வேண்டாம் என்றால், "விரதமா சார்?" "இல்லைங்க." "ஏதாச்சும் வேண்டுதலா?" "இல்லைங்க, அவரு ஆர்.சி. கிறிஸ்டியன்." அவர்களுக்குத் தலை சுற்றும். யாரோ டாக்டர் நிறுத்தச் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது என்று உன்னைப் பாவமாய்ப் பார்த்து, "ஒரு சொட்டு ஒண்ணும் பண்ணாது சார்" என்று ஊற்றிவிட்டே போவார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு நெய் ஊற்றாமல் பிரியத்தைக் காட்டத் தெரியாது.

எனக்கு அலுத்தது மாப்ள. உன்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை. வாரா வாரம் அதே கேள்வி, அதே முழிப்பு, சாப்பிடாமல் எழுந்து அடுத்த கடை.

அந்த ஒரு வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

நீ அதற்குள் வேறு கம்பெனிக்கு மாறியிருந்தாய், வெள்ளிக்கிழமையை மட்டும் விடவில்லை. அன்று காலையில் என்னை லே ஆஃப் பண்ணிவிட்டார்கள். கிரீன் கார்டு வரவில்லை. அறுபது நாளுக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். வீட்டில் இன்னும் சொல்லவில்லை, முதலில் உன்னிடம் சொல்லலாம் என்று வந்தேன். ஆனால் நாம் போன காஃபி ஷாப்பில் உனக்கு ஆகிற பண்டம் ஒன்றுமில்லை. அடுத்த நூடுல்ஸ் கடையில் எல்லாமே மீன் சாறு. மூன்றாவதாக என் வீட்டுப் பக்கத்தில் புதிதாய்த் திறந்திருந்த இந்தக் கடைக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டரை. உள்ளே உட்கார்ந்ததும், "இங்க இடியாப்பம் குருமா நல்லா இருக்குமாம்லே. கேட்டுட்டு வா" என்றாய்.

கவுன்டரில் இருந்த அம்மாவிடம் கேட்டேன். "இறக்கறப்ப கொஞ்சம் கிரீம், ஒரு கரண்டி நெய் விடுவோம் சார்" என்றார். திரும்பிப் பார்த்தேன். நீ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பசியோடு, நல்ல பிள்ளையாய் உட்கார்ந்திருந்தாய். நான் போய் உண்மையைச் சொன்னால் நாலாவது கடை. என்னால் ஆகவில்லை.

"ஒண்ணும் இல்லையாம். தேங்காயும் முந்திரியும்தானாம். தின்னு" என்றேன்.

"கேட்டியா?"

"கேட்டேன்டா."

"அப்ப சரி."

முதல் வாய் வைத்ததும் மென்றுகொண்டே தட்டைப் பார்த்தாய். அப்புறம் என்னைப் பார்த்தாய். அதன் பிறகு கிண்ணத்தைக் காலி பண்ணிவிட்டு, "நல்லா இருக்கு. உன் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டாய். அப்போதுதான் வேலை போன கதையைச் சொன்னேன், அழுகையும் வந்துவிட்டது. கை கழுவிவிட்டு வந்து ஈரக்கையோடு என் தோளைப் பிடித்தாய். "விடுலே, பார்த்துக்கலாம். அடுத்த வெள்ளியும் இங்கயே வருவோம். உனக்குப் பக்கம்தானே" என்றாய்.

தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருக்கும் என் ரெசுமேயை அனுப்பினாய். அஞ்சாவது வாரம் வேலை கிடைத்தது. ஆனால் கடை மாறவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் அதே மேஜை, அதே இடியாப்பம் குருமா, அதே கேள்வி. "ஏலே, கேட்டியா?" நான் எழுந்து போய்க் கவுன்டரில் டிஷ்யூ பேப்பர் வாங்கிக்கொண்டு வந்து, "கேட்டேன்" என்பேன். வெட்கக்கேடு. முதல் வாரமே சொல்லியிருந்தால் ரெண்டு கெட்ட வார்த்தையோடு போயிருக்கும். நாற்பதாவது வாரம் எந்த முகத்தோடு சொல்வது?

இப்போது யோசித்தால் ஒவ்வொன்றாய் ஞாபகத்துக்கு வருகிறது. முதல் நாளைப்போல நீ அந்தக் குருமாவை அப்புறம் தின்னவே இல்லை. ஓரத்தில் கொஞ்சம் தொட்டுக்கொண்டு, மிச்சத்தை என் பக்கம் தள்ளி, "நீ சாப்பிடு, எனக்குப் போதும்" என்பாய். நானும் வழித்துத் தின்றேன், மடையன்.

அப்புறம் உனக்கு வயிற்று வலி வந்தது. கணையத்தில் கேன்சர் என்றார்கள். மூன்று மாதம்கூட முழுசாய்க் கிடைக்கவில்லை. கஞ்சிகூட இறங்கவில்லை என்று, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற உன் மனைவி, என் வீட்டுக்காரியிடம் போனில் அழுதாள். அந்த வாரத்தில்தான் உன் மகள் என்னைக் கூப்பிட்டாள். "அங்கிள், அப்பா வான்ட்ஸ் தட் குருமா. ஃப்ரம் யுவர் ஃப்ரைடே பிளேஸ்."

சாகக் கிடக்கிறவன் வாயிலும் பொய்யையே ஊட்டுவதா? நேரே கடைக்குப் போய் மாஸ்டரைப் பார்க்கவேண்டும் என்றேன். தோளில் துண்டோடு அவர் சமையல்கட்டிலிருந்து வெளியே வந்தார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

"ஒன்றரை வருஷமாவா சார்?" என்றார்.

"ஆமாங்க."

"உக்காருங்க" என்று உள்ளே போனார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சட்டியைத் தேய்த்துக் கழுவி, புதுத் தேங்காய் உடைத்து, முந்திரியும் கசகசாவும் அரைத்து, எண்ணெயில் தாளித்து எல்லாம் என் கண் முன்னால்தான் செய்தார். கிரீம் டப்பா எட்டத்திலேயே இருந்தது. பணம் வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

ஜன்னலோரம் கட்டிலில் சாய்ந்திருந்தாய், மத்தியான வெயில் காலில் விழுந்துகொண்டிருந்தது. தங்கச்சி ஒரு ஸ்பூன் எடுத்து உன் வாயில் வைத்தாள். வெகுநேரம் விழுங்காமல் வைத்திருந்தாய்.

"இது அது இல்லையேலே" என்றாய்.

என்னால் நிமிரவே முடியவில்லை. "இல்ல மாப்ள" என்றேன்.

நீ சிரித்தாய். இருந்த கொஞ்ச நஞ்சத் தெம்பையும் அதற்கே செலவு பண்ணிச் சிரித்தாய். "இப்பவாவது கேட்டியே" என்றாய். அப்புறம் இன்னொரு ஸ்பூனுக்கு வாயைத் திறந்தாய். "வாட் டஸ் ஹி மீன், அங்கிள்?" என்று உன் மகள் என்னைக் கேட்டாள். மறுநாள் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வந்தேன், நீ மருந்து மயக்கத்தில் இருந்தாய். அதற்கு மறுநாள் நீ இல்லை.

முதல் வாயிலேயே உனக்குத் தெரிந்திருக்கிறது. நாலரை வருஷம் பாலைத் தொடாத நாக்குக்கு நெய் தெரியாதா? தெரிந்தும் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு விழுங்கினாய். அந்தக் கன்றுக்குட்டியை நினைத்திருப்பாய், நினைத்துக்கொண்டே விழுங்கியிருப்பாய். ஒவ்வொரு வெள்ளியும் "கேட்டியா?" என்று நீ கேட்டது குருமாவைப் பற்றி இல்லை என்று இப்போது புரிகிறது. நானாகச் சொல்வேன் என்று பார்த்திருக்கிறாய்.

உன் மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது மாப்ள, மறைக்க மாட்டேன். ஒரே ஒரு தடவை திட்டியிருக்கலாமே? "பொய் சொல்லாதலே நாயே" என்று ஒரு வார்த்தை. காலில் விழுந்திருப்பேன். நீ பாட்டுக்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டாய், நான்தான் இதைச் சுமந்துகொண்டு திரிகிறேன். மன்னித்துக்கொள் என்று நேரில் சொல்ல வேண்டியதை இப்படிக் காகிதத்தில் சொல்ல வேண்டியதாயிற்று.

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து சர்ச் ஹாலில் சாப்பாடு போட்டார்கள். பிரியாணி. சைவக்காரர்களுக்குப் பன்னீர் பட்டர் மசாலா. உன் சாப்பாட்டில் பட்டர்! "எதுலயாவது பால் இல்லாம இருக்கா?" என்று கேட்டேன். "இந்தப் பக்கம் எல்லாம் வெஜ்தான் அங்கிள், தைரியமா சாப்பிடுங்க" என்றார் பரிமாறியவர். வரிசையிலிருந்து விலகி வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டேன். நான் மாறிவிடவில்லை, இன்னும் கறி தின்கிறவன்தான். ஆனாலும் அன்றைக்கு அந்தச் சோறு இறங்கவில்லை.

இன்றைக்கு அதே கவுன்டர் அம்மாதான் ஆர்டர் எடுக்க வந்தார். "ரொம்ப நாளா காணோமே சார், என்ன வேணும்?"

"இடியாப்பம் குருமா. குருமால நெய், கிரீம்..."

"அதான் இலை போட்டிருக்கே சார். மாஸ்டர் இப்ப அப்படித்தான் செய்யறாரு. யாரோ முடியாம இருந்தவருக்குச் செஞ்சு குடுத்தாராம், அதுலேர்ந்து."

யாரோ.

"சரிதாம்மா. இருந்தாலும் ஒரு தடவை கேட்டுட்டு வந்துடறேனே" என்று எழுந்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சமையல்கட்டுக் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தேன். அடுப்பில் நின்ற மாஸ்டர் திரும்பினார், என்னைத் தெரிந்துகொண்டார். நான் வாய் திறக்கும்வரை காத்திருந்தார்.

"மாஸ்டர், குருமால நெய் இருக்கா?"

"இல்ல சார்."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். எதிரே உன் நாற்காலி.

"கேட்டேன் மாப்ள" என்றேன். "ஒண்ணும் இல்லையாம்."