கழற்றி வைத்த ஜன்னல் துணி

ஜனவரி 19

இல்லத்துக்கு யாரோ ஒரு கட்டு டைரி கொடுத்துவிட்டுப் போனார்கள். எல்லாம் போன வருடத்து டைரி. பிள்ளைகள் கிழித்துக் கப்பல் விட்டது போக மிஞ்சியதில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். தேதி சரியாக இருக்கும், கிழமைதான் பொய் சொல்லும். பரவாயில்லை. எனக்கு எல்லாக் கிழமையும் ஒன்றுதான்.

பெரியக்காதான் எழுதச் சொன்னார். "மனசுல இருக்கறத யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்கற. பேப்பர்லயாவது கொட்டு." பெரியக்கா எனக்குக் கூடப் பிறந்தவர் இல்லை. இந்த இல்லத்தை நடத்துகிறவர். பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இங்கே பிழைக்கு யாரும் காதைத் திருக மாட்டார்கள்.

என்ன எழுதுவது? என் பாப்பா காய்ச்சலில் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. எழுதிவிட்டேன். இன்றைக்கு இது போதும்.

ஜனவரி 23

மிளகைப் பற்றி எழுதலாம்.

யார் பெற்ற பிள்ளை என்று தெரியாது. நான்கு வயது இருக்கலாம் என்று டாக்டர் பல்லைப் பார்த்துச் சொன்னார். வந்த அன்றே சமையல்காரம்மாவின் விரலைக் கடித்துவிட்டாள். "கறுப்பா, உருண்டையா, கடிச்சா காரமா இருக்கு. இது பிள்ளையில்ல, மிளகு" என்றாள் அவள். அதுவே பெயராகிவிட்டது.

கூடத்து ஜன்னலுக்கு நான்தான் துணி தைத்துப் போட்டேன். நீலப்பூ போட்ட பழைய படுக்கை விரிப்பு. சாயங்காலம் பால் குடித்து முடித்ததும் மிளகு அதன் பின்னால் போய் நின்றுகொள்வாள். கீழே இரண்டு கால் தெரியும். கட்டை விரல் ஆடிக்கொண்டே இருக்கும்.

"மிளகு எங்க, காணோமே? எலி தூக்கிட்டுப் போயிடுச்சா?" என்று நான் கேட்க வேண்டும்.

"மிளகு இல்ல!" என்று துணிக்குள்ளிருந்து அவளே பதில் சொல்வாள்.

தினமும் இதே கூத்து. தினமும் நான் தேட வேண்டும். ஒரு நாள் தேடாவிட்டால் அன்றைக்குத் தூங்க மாட்டாள்.

பாப்பாவின் மஞ்சள் கவுனைப் பெட்டியிலிருந்து எடுத்து, விளிம்பை மடித்துத் தைத்து இவளுக்குப் போட்டுவிட்டேன். பொருந்தியது. ஏன் பொருந்தியது என்று கோபமாகக்கூட வந்தது.

ஜனவரி 30

மானியம் இன்னும் வரவில்லை. "பால்ல தண்ணி ஊத்தறேனா, தண்ணியில பால் ஊத்தறேனான்னு எனக்கே மறந்துபோச்சு" என்கிறாள் சமையல்காரம்மா. சிரித்தோம். சிரித்த பிறகு கூடம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

சட்டசபையில் ஒரு மசோதா வரப்போகிறதாம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லங்களுக்கு மானியத்தை உயர்த்துவதற்கு. ஆனால் அதில் பெரிய இல்லங்கள் மட்டும்தான் இருக்கின்றன. எங்களைப் போன்ற சின்ன இல்லங்களையும் சேர்க்கச் சொல்லிப் பெரியக்காவும் மற்ற இல்லத்துக்காரர்களும் சங்கமாகச் சேர்ந்து அலைகிறார்கள். சங்கத்துத் தலைவர் எந்நேரமும் ஒரு ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நடப்பார், கைக்குழந்தை மாதிரி. ஃபைல்காரர் என்றே வைத்துவிட்டோம்.

"சேர்க்கலன்னா?" என்று பெரியக்காவிடம் கேட்டேன்.

"சேர்ப்பாங்க" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 6

இன்று சட்டசபைக் கட்டடத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். நீண்ட நடைக்கூடம். வழவழவென்று தரை. காலடிச் சத்தம் நமக்கு முன்னால் போய் நின்று நம்மையே பார்க்கிறது. மசோதாவைப் பரிசீலிக்கிற குழுவில் ஒரு அம்மா இருக்கிறார். அவர் மனது வைத்தால் நடக்கும் என்றார்கள்.

ஃபைல்காரர் என்னைச் சுவரோரம் ஒதுக்கினார். "இதோ பாரும்மா, நாங்க நூறு மனு குடுத்தாச்சு. ஒரு தாய் வாயைத் தெறந்தா அது வேற. உன் பொண்ணு போனது, அந்தத் துக்கத்துல நீ இல்லத்துக்கு வந்து பிள்ளைங்களப் பாத்துக்கறது... சொல்லு, போதும்."

"அது அவ விருப்பம். கட்டாயப்படுத்தாதீங்க" என்றார் பெரியக்கா.

சொல்கிறேன் என்றேன். பதினெட்டுப் பிள்ளைகள் கண்ணில் வந்து போனார்கள். எப்படி மாட்டேன் என்பது?

அந்த அம்மா வந்தார். கண்ணாடி போட்டவர், மெல்லிய குரல். என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லும்மா" என்றார். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. பாப்பாவைப் பற்றி அந்த நடையில் வைத்து என்ன சொல்ல? எதற்காகச் சொல்ல? பாலுக்காகவா?

"பரவாயில்லம்மா. நானே ஒரு நாள் வந்து பாக்கறேன்" என்றார். அவர் கை மெத்தென்று இருந்தது.

பிப்ரவரி 7

நான் பேசியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 16

நாளை மறுநாள் குழு வருகிறது. நாங்கள் நாலு நாளாகத் தேய்த்துக் கழுவியிருந்தோம். சமையல்காரம்மா பாத்திரத்தில் முகம் பார்த்துத் தலை சீவினாள். ஃபைல்காரர் வந்தார், சுற்றிப் பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க? இதப் பாத்தா அவங்க என்ன சொல்வாங்க? இருக்கற பணத்துலயே ஜோரா நடத்தறாங்களே, இவங்களுக்கு எதுக்கு இன்னும்னு போயிடுவாங்க. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்."

"அழுத பிள்ளைக்கு அடியும் விழும்" என்றாள் சமையல்காரம்மா.

"நீங்க அடுப்பப் பாருங்கம்மா."

பொய் சொல்லச் சொல்லவில்லை, இருக்கிற கஷ்டத்தை மறைக்காதீர்கள் என்றுதான் சொன்னேன் என்றார். ஈரம் ஊறிய சுவரை மறைத்திருந்த படங்களை எடுக்க வேண்டும். பொம்மைகளைப் பூட்ட வேண்டும். நல்ல துணி போடக் கூடாது. ஜன்னல் துணியும் வேண்டாம், வீடு மாதிரித் தெரிகிறதாம்.

வீடு மாதிரித் தெரியத்தானே போட்டேன்?

பெரியக்கா சுவரில் இருந்த ஒரு படத்தைக் கழற்றினார். பிறகு, "ஒரே ஒரு நாள்தானே" என்றார். அவருக்கும் வேறு வழி தெரியவில்லை. அன்று நான் வாயைத் திறந்து பேசியிருந்தால் இது தேவைப்பட்டிருக்காது.

பிப்ரவரி 18

காலையில் ஜன்னல் துணியைக் கழற்றி மடித்து மாவு டின்னுக்குப் பின்னால் வைத்தேன்.

மிளகுக்கு மஞ்சள் கவுனைக் கழற்ற வேண்டியிருந்தது. கையை இறுக்கி மடக்கிக்கொண்டாள். "தா கண்ணு, சாயங்காலம் போட்டுவிடறேன்" என்றேன். விடவில்லை. இழுத்துத்தான் கழற்றினேன். ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி நாள், இதே கவுனைத்தான் இதே கையால்... அன்றைக்கு இழுக்க வேண்டியிருக்கவில்லை. கை தானாக வந்தது. எழுத முடியவில்லை.

தோளில் கிழிந்த பழைய சட்டையைப் போட்டுவிட்டேன்.

வந்தார்கள். கண்ணாடி அம்மா, இன்னும் மூன்று பேர், கேமராவோடு ஒருவர், எதையும் கேட்காமல் எழுதிக்கொண்டே போன ஒரு அதிகாரி. அந்த அம்மா சுவரைத் தொட்டு விரலைப் பார்த்தார். கண் கலங்கினார். உண்மையான அழுகைதான், நான் அழுகையை அறிவேன். ஃபைல்காரர் எனக்குக் கண்ணைக் காட்டினார், பார்த்தாயா என்பது போல.

இத்தனை பேரைப் பார்த்ததும் மிளகு ஓடிப்போய் ஜன்னல் ஓரம் நின்றுகொண்டாள். துணி இல்லை. வெறும் கம்பி, வெளிச்சம், இவள். இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு, "மிளகு இல்ல" என்றாள், மெதுவாக.

நான் தேடவில்லை. எல்லோரும் இருக்கும்போது எப்படித் தேடுவது?

கேமராக்காரர் மண்டி போட்டு உட்கார்ந்து படம் எடுத்தார்.

பிப்ரவரி 19

துணியை மறுபடி மாட்டிவிட்டேன். மிளகு அதன் பக்கமே போகவில்லை. என் பக்கமும்.

பிப்ரவரி 27

படம் செய்தித்தாளில் வந்திருக்கிறது. முதல் பக்கம். வெறும் ஜன்னலில் கிழிந்த சட்டையோடு கண் மூடி நிற்கிற பிள்ளை. அவள் ஒளிந்து விளையாடுகிறாள் என்று யார் சொல்வது?

ஃபைல்காரர் பெரியக்காவிடம் ஃபோனில் கத்தினார். எனக்கே கேட்டது. "அக்கா, இந்த ஒரு படம் போதும்! சட்டசபையே ஆடிப்போச்சு!"

சமையல்காரம்மா அந்தத் தாளை மடித்து அடுப்பில் வைத்தாள். "ஆழம் தெரியாம காலை விட்டுட்டோம்டி" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மார்ச் 5

மசோதா நிறைவேறியது. எதிர்த் தெரு கடை டிவியில் எல்லோரும் நின்று பார்த்தோம். கண்ணாடி அம்மா படத்தை உயர்த்திப் பிடித்துப் பேசினார். குரல் உடைந்தது. "இப்படிப்பட்ட இடத்தில் ஒரு குழந்தைகூட இருக்கக் கூடாது" என்றார். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள்.

மானியம் உயர்ந்துவிட்டது. சின்ன இல்லங்களுக்கும்தான், ஆனால் தரமானவற்றுக்கு மட்டும். தரமில்லாதவற்றை மூடி, பிள்ளைகளை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். அந்தப் படத்தால் எங்கள் இல்லமும் அதில்தான் சேரும்.

கடைக்காரர், "நீங்க ஜெயிச்சதுதானே இது? டீ வாங்கிக் குடுங்க" என்றார் பெரியக்காவிடம். பெரியக்கா தெருவைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்க்கவில்லை. நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன்.

மார்ச் 9

அதிகாரியைப் பார்க்கப் போனோம். அன்று எழுதிக்கொண்டே போனாரே, அவர்தான். பெரியக்கா உள்ளதைச் சொல்லிவிட்டார். எங்கள் பிள்ளைகளுக்கு நல்ல துணி உண்டு, பொம்மை உண்டு, மானியம் கிடைக்க வேண்டும் என்றுதான் அப்படிக் காட்டினோம் என்று.

"ஜன்னல் துணியக் கழட்டுனது நான்தாங்க. டின்னுக்குப் பின்னால வச்சேன். இப்ப வந்து பாருங்க, மாட்டியிருக்கேன்" என்று நானும் சொன்னேன். இந்தத் தடவை வாய் வந்தது.

அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அப்போ குழு முன்னால பொய் சொன்னீங்களா? இல்ல, இப்ப பொய் சொல்றீங்களா? ரெண்டுல எதுன்னு எழுதிக் குடுங்கம்மா, மேல அனுப்பறேன்" என்று ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார்.

முதலாவதை எழுதினால் பெரியக்கா மேல் வழக்கு வரும். எதை எழுதினாலும் பிள்ளைகள் இங்கே இருக்க மாட்டார்கள். பெரியக்கா பேனாவைத் திறந்தார், மூடினார். வந்துவிட்டோம்.

ஃபைல்காரர் ஃபோனை எடுப்பதில்லை.

மார்ச் 14

பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லவில்லை. ஆனால் சத்தம் குறைந்துவிட்டது. எப்படித் தெரிகிறதோ அவர்களுக்கு. மிளகு மட்டும் இன்று என் மடியில் வந்து தானாக உட்கார்ந்தாள். கட்டை விரல்கூட ஆடவில்லை. நானும் அசையவில்லை.

மார்ச் 21

வேன் வந்தது. மிளகுக்கு மஞ்சள் கவுனைப் போட்டுவிட்டேன். கையை அவளே நீட்டினாள்.

டிரைவரிடம், "சாயங்காலம் பால் குடிச்சதும் ஒளிஞ்சுக்குவா. யாராவது தேடணும். தேடலன்னா தூங்க மாட்டா. அங்க இருக்கறவங்ககிட்ட சொல்லிடுங்கண்ணே" என்றேன். "சரிம்மா, சரிம்மா" என்றார். அவர் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் ஃபைல்காரர் நின்றார். கையில் ஃபைல் இல்லாமல் அவரைப் பார்த்தது இன்றுதான். "நல்லதுன்னு நெனச்சுத்தான்மா..." என்றார். சமையல்காரம்மா அவரைத் தாண்டிப் போய் மூட்டைகளை வேனில் ஏற்றினாள்.

வேன் கிளம்பும்போது மிளகு கவுனின் விளிம்பைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டாள். நான் கேட்க வேண்டும் என்று காத்திருந்தாள். எனக்குத் தெரியும். மிளகு எங்க, காணோமே. அவ்வளவுதான், மூன்று சொல்.

அன்று அந்த நடையில் வராதது போலவே, வரவில்லை.

ஏப்ரல் 4

கட்டடத்துக்காரர் வாடகைக்கு ஆட்களைக் கூட்டி வந்து காட்டப்போவதாகச் சொன்னார். சுத்தமாக வைக்கச் சொன்னார். பெரியக்கா படுக்கையை விட்டு எழுவதில்லை. நானும் சமையல்காரம்மாவும் கழுவினோம். சுவரை மறைத்துப் படங்களை மாட்டினோம். ஜன்னல் துணியைத் துவைத்து, காய வைத்து, மறுபடி போட்டேன்.

வந்த பெண் துணியைத் தொட்டுப் பார்த்தாள். "இங்க இருந்த பிள்ளைங்க சந்தோஷமா இருந்திருக்கும், இல்ல?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

அவர்கள் போன பிறகு துணியின் அடியில் குனிந்து பார்த்தேன். பழக்கம். தரை ஈரம் இன்னும் காயவில்லை.