பார்த்தாச்சு – வி.கு.

நெய்வேலி,
9.6.2025

அன்புள்ள காயத்ரிக்கு,

இங்கே நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளை பிரவீனும் நலமாக இருக்க வேண்டும். என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டதால் தபால்காரரை நம்பி எழுதுகிறேன். உன் வீட்டுக்காரர் ரிட்டயரான பிறகும் நாலு மாதம் குவார்ட்டர்ஸில் இருக்கலாம். இருந்தும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் காலி செய்துவிட்டீர்கள். எதிர்வீட்டுக்காரிக்கு முகவரி விசாரித்துக் கடிதம் போட வேண்டிய நிலை வந்துவிட்டது.

கண்ணை மூடிக்கொண்டு நான் அந்த வீடியோவை நம் குவார்ட்டர்ஸ் வாட்ஸப் குரூப்பில் போட்டேன் என்று நினைக்காதே. மறியலில் பஸ் மீது கல் விழுந்த அன்று ஆளுக்கொரு செய்தி வந்தது. சுரங்கத்துக்கு நிலம் எடுக்கிற விஷயம் என்றாலே ஒரு செய்தித் தளம் விவசாயிகளை ரவுடி என்கிறது, இன்னொன்று இங்கே வேலை பார்க்கிற நம்மையெல்லாம் திருடர்கள் என்கிறது. இரண்டையும் ஒதுக்கினேன். ஆசிரியர் பெயர், ஆபீஸ் முகவரி எல்லாம் போட்டு, தப்பு வந்தால் திருத்தமும் போடுகிற தளத்தைத்தான் எடுத்தேன். வேறு இரண்டு தளங்களிலும் அதே செய்தி இருந்தது. பிரவீன் குனிந்து கல்லைத் தூக்குவது தெளிவாகத் தெரிந்தது.

நம் பிள்ளை என்று மறைத்தால் நாளைக்கு என்னை யார் நம்புவார்கள்? அதனால் வழக்கம்போல், சரிபார்த்த செய்தி என்பதற்கு அடையாளமாக, கீழே 'பார்த்தாச்சு – வி.கு.' என்று போட்டேன். காண்ட்ராக்டர் அவன் கேட் பாஸைப் பிடுங்கி வேலையை விட்டே அனுப்புவார் என்று சத்தியமாக நினைக்கவில்லை. அவன் சாப்பிடுகிறானா? அதையாவது எழுது.

அன்புடன்,
விஜயகுமாரி

காடாம்புலியூர்,
17.6.2025

விஜயா அக்காவுக்கு,

சாப்பிடுகிறான். யாரோடும் பேசுவதில்லை.

என் அண்ணனின் நிலம் போகிறது என்று அவன் மறியலில் நின்றது உண்மை. மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பஸ்ஸில் ஒரு பிள்ளைத்தாச்சிப் பெண் இருந்திருக்கிறாள். வழி விடுவதற்காக, ரோட்டில் கிடந்த கற்களை எடுத்து ஓரமாகப் போட்டிருக்கிறான். தூக்குகிற வரைக்கும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிட்டார்கள்.

காண்ட்ராக்டர் என்ன சொன்னார் தெரியுமா? "வீடியோ நூறு வருதும்மா, நான் எதயும் நம்பறதில்ல. வி.கு. மேடமே பார்த்தாச்சுன்னு போட்டுட்டாங்க. அவங்க உங்க எதிர்வூடு வேற. இதுக்கு மேல என்ன வேணும்?"

கண்ட்ரோல் ரூமில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவர் நீங்கள். கரி கொண்டு போகிற பெல்ட் நின்றுவிட்டதாக ஸ்க்ரீன் காட்டினால், சுரங்கத்துக்குள்ளே நிற்கிற ஆளுக்குப் போன் போட்டு, "கண்ணால பாத்துட்டு சொல்லுப்பா" என்று கேட்காமல் லாக் புக்கில் ஒரு வரி எழுத மாட்டேன் என்று எத்தனை தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் அதைக் குரூப்பில் போட்ட நேரத்தில் அவன் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தான். கதவு திறந்துதான் கிடந்தது அக்கா.

காயத்ரி

நெய்வேலி,
2.7.2025

அன்புள்ள காயத்ரிக்கு,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து டியூட்டியில் கை ஓடவில்லை. முழு வீடியோவைத் தேடிப் பிடித்து அந்தத் தளத்துக்கு அனுப்பினேன். நேற்று திருத்தம் போட்டிருக்கிறார்கள், அடியில், நாலு வரி. மற்ற இரண்டு தளங்களும் அவர்களைப் பார்த்துக் காப்பி அடித்தவை என்று இப்போதுதான் தெரிகிறது. மூன்று சாட்சி என்று நான் நினைத்தது ஒன்றேதான்.

திருத்தத்தைக் குரூப்பில் போட்டு அதன் கீழேயும் என் பெயரை வைத்தேன். கடைசி பிளாக் சடையப்பன் சார், "என்னங்க மேடம், பழகின வூடுன்னு மாத்திப் போடறீங்களா?" என்று கேட்டார். மற்றவர்கள் கட்டைவிரலைக்கூடக் காட்டவில்லை. காண்ட்ராக்டரிடமும் நேரில் போனேன். "அதுக்கும் பார்த்தாச்சு, இதுக்கும் பார்த்தாச்சுன்னா நான் எதம்மா எடுத்துக்கறது? வேற ஆள் போட்டாச்சு" என்றார்.

தப்பு என்னுடையது காயத்ரி. வீடியோவைப் பதினோரு தடவை பார்த்தேன். பதின்மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அவன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுகிறேன். வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

உன் அக்கா,
விஜயகுமாரி

காடாம்புலியூர்,
10.7.2025

விஜயா அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். அவன் இங்கே இல்லை. ஓசூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்விட்டான். இந்தப் பக்கம் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினான். அங்கேயும் யாரோ அந்த வீடியோவைக் காட்டி, "இது நீதானே?" என்று கேட்டார்களாம். ஆமாம் என்று சொல்லிவிட்டானாம். விளக்கிச் சொல்ல அலுத்துவிட்டது என்கிறான்.

உங்கள் கடிதங்களைப் போனில் வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"பெரிம்மா நல்லாத்தாம்மா செக் பண்ணியிருக்காங்க. என்னய தவிர எல்லாரயும் கேட்டிருக்காங்க" என்றான்.

அதற்கு மேல் நானும் எதுவும் கேட்கவில்லை. நீங்களும் இனி எழுத வேண்டாம்.

காயத்ரி