ஆஸ்பத்திரி என்று நான் சொன்ன பொய்

அன்புள்ள மூத்தவளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கையும் நன்றாக இருக்கிறோம், உன் பெரியப்பாவுக்கு மட்டும் என்மேல் ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை, அது ஏன் என்று கீழே எழுதுகிறேன். அங்கே குளிர் அதிகம் என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா. சலவைக் கடையில் எனக்குப் புது இஸ்திரிப் பெட்டி கொடுத்திருக்கிறார்கள், பழையதைப் போலச் சட்டைக் காலரில் துருத் தண்ணீர் துப்புவதில்லை, அந்த மட்டும் நிம்மதி.

போன வாரம் ஆராய்ச்சித் தலைப்பையே மாற்றிவிடப் போகிறேன் என்று நீ போனில் அழுததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. அரபு நாடுகளின் நவீன வரலாறு படிக்கப் போன நீ, அந்த நாடுகளுக்கு வேலைக்குப் போன நம் பெண்களைப் பற்றி ஆராய்ச்சி எழுதுகிறாய், அதற்காக என்னையும் பேசவைத்துப் பதிவு செய்தாய். ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷம் ஆயாவாக இருந்தேன் என்றேன், ஆஸ்பத்திரிப் பெயரையும் சொன்னேன். அந்த ஆஸ்பத்திரியையே உன் அம்மா ஊர் திரும்பிய பிறகுதானே திறந்தார்கள் என்று உன் பேராசிரியர் கேட்டாராம், அம்மாவுக்கு வருஷம் மறந்திருக்கும் என்று நீ எனக்காக வாதாடினாயாம். வருஷம் மறக்கவில்லை மகளே, நான் பொய் சொன்னேன். அந்தப் பெயர் யாரோ கொடுத்த காலண்டரில் பார்த்து உன் பெரியப்பா பிடித்தது. நான் செய்தது வீட்டு வேலை. கேட்பவர்களிடம் ஆஸ்பத்திரி என்று சொல்லச் சொன்னார், நானும் ஊருக்கெல்லாம் சொல்லி, பெற்ற பிள்ளைகளிடமும் சொல்லி, கடைசியில் உன் பதிவிலும் சொல்லிவிட்டேன்.

நான் வேலை பார்த்த வீட்டுக்காரம்மா அங்கே பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறவர். நான் காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியில் ஈரத்துணி போட்டவர், அதே கையால் என் பாஸ்போர்ட்டை அலமாரியில் பூட்டியவர், இரண்டையும் எழுது. ஒரு வருஷம் மேலிடத்து உத்தரவு என்று நாற்பது பாடப்புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தார். எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர்கள் அந்தக் காலத்தில் செய்த வேலைநிறுத்தம் ஒரு பக்கத்தில் இருந்தது, அதன்மேல் புதுச் சாலையின் படத்தை ஒட்ட வேண்டும். நான் மாவுப் பசை காய்ச்சினேன், அவர் தடவினார், நான் அழுத்தினேன். ஓரம் கிளம்பினால் பிள்ளைகள் பிரித்துப் படித்துவிடும் என்று ஓரத்துக்கு இன்னொரு தரம் தடவினார். தன் அப்பாவும் அந்த வேலைநிறுத்தத்தில் இருந்தவர்தான் என்று ஒட்டிக்கொண்டே சொன்னார். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. ஊருக்கு வந்து இத்தனை வருஷமாக நானும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறேன்.

உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றதும் பெரியப்பா குதி குதி என்று குதித்தார். "சின்னவ கல்யாணம் முடியட்டும், வீட்டு வேலை செஞ்சவ பொண்ணுன்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்" என்றார். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். எந்த ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள் என்று மாப்பிள்ளையின் அம்மா சும்மாதான் கேட்டார், பெரியப்பா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். ஆஸ்பத்திரி இல்லைங்க, வீட்டு வேலை, அதில்தான் என் இரண்டு பெண்களும் படித்தார்கள் என்றேன். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டார். கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று போனவர்களிடமிருந்து ஐந்து நாளாகியும் ஒரு வார்த்தை இல்லை. சின்னவளைக் கேட்காமல் சொன்னது என் தப்பு, அதை அவளிடமே ஒப்புக்கொண்டேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நேற்று பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அவங்க வரலேன்னா போகட்டும்மா, ஆனா இனிமே எதுன்னாலும் எங்கிட்ட முதல்ல சொல்லு" என்றாள். பெரியப்பா எங்கள் வீட்டுப் படி ஏறமாட்டாராம், ஏறாமல் இருக்கட்டும்.

ஆகவே நீ தலைப்பை மாற்றாதே. ராஜாக்களையும் ஒப்பந்தங்களையும் எழுத ஆட்கள் வண்டி வண்டியாக இருக்கிறார்கள். எனக்குப் புனைபெயர் போடுகிறேன் என்றாயே, அதுவும் வேண்டாம், நான் ஒன்றும் திருடிவிட்டு ஓடிவரவில்லை. வருகிற ஞாயிறு எனக்குக் கடை லீவு, காலையிலேயே கூப்பிடு, முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் நான் அழுதால் பதிவை நிறுத்திவிடாதே, ஓடட்டும். நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், எவர் முன்னாலும் குனியாமல் இருக்க வேண்டும். மருந்தை மறக்காமல் சாப்பிடு. இந்தக் கடிதத்தை அப்படியே உன் பேராசிரியரிடம் காட்டு.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஒன்பது வருஷம் வீட்டு வேலை செய்தவள்.