விளக்கில்லாத ஆசாரம்

அம்மா,

வீட்டு வேலைக்கு வரும் பெண் நேற்று பீரோவைத் துடைத்துவிட்டு, தட்டுக்குத் தட்டு பாச்சை உருண்டை போட்டு வைத்திருக்கிறாள். காலையில் கதவைத் திறந்ததும் அந்த நெடி மூக்கில் ஏறியது. நீ வந்து பக்கத்தில் நின்றுவிட்டாய்.

கடைசி வருடங்களில் உன் சேலையெல்லாம் இந்த நெடிதான். நீ படுத்த அறைக்கும், அப்பா வாங்கிச் சேர்த்த துணி ஓவியங்களைச் சுருட்டி வைத்திருந்த அறைக்கும் நடுவே ஒரு கதவுதான் இருந்தது. அந்தப் பக்கம் போட்ட மருந்தெல்லாம் இந்தப் பக்கம் வந்து உன் மேல் படிந்தது. ஒரு தடவை நான் மூக்கைச் சுளித்தபோது, "மியூசியத்துல குடியிருந்தா மியூசியம் மாதிரித்தான் மணக்கும் கண்ணு" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. உருண்டைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி வெளியே எறிந்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பொங்கலூர்ப் பக்கம் தோட்டத்துக்கு நடுவில் அப்பா அந்த வீட்டைக் கட்டியபோது அது வீடாகத்தான் இருந்தது. பனியன் கம்பெனி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. காதர்பேட்டைக் கடைகளில் சரக்கு போட ஆரம்பித்தவர், ஆர்டர் பிடிக்கக் கல்கத்தா, கான்பூர் என்று போய்வந்தார். மற்ற முதலாளிகள் ஆர்டரோடு வருவார்கள். அப்பா ஆர்டரோடு ஒரு படத்தையும் கட்டி எடுத்துக்கொண்டு வருவார். முதன்முதலில் வந்தது கண்ணாடியில் தீட்டிய படம். நீலச் சேலை கட்டிய ஒருத்தி ஊஞ்சலில் உட்கார்ந்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஆருங்க இந்தம்மா?" என்று கேட்டாய்.

"ஆருன்னு தெரியல புள்ள. உட்டுப்போட்டு வர மனசு வல்ல."

"இருக்கட்டுமுங்க. சோறு தண்ணி கேக்காத ஒறம்பரைதான" என்றாய். வீடே சிரித்தது.

அந்த விருந்தாளி தன் சொந்தபந்தத்தையெல்லாம் அழைத்துக்கொள்வாள் என்று அப்போது நமக்குத் தெரியாது. தஞ்சாவூர்ப் படங்கள் வந்தன. செட்டிநாட்டுப் பக்கம் இடித்த வீடுகளின் கதவுகள் வந்தன. பித்தளையும் வெண்கலமும் வந்தன. முதலில் மாடி போயிற்று. பிறகு நான் படித்த அறை போயிற்று. பிறகு நீயும் அப்பாவும் படுத்த அறை. தாளிக்கிற புகையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிப் படம் கெடுகிறது என்று யாரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். "பொறவடையில ஒரு சமையக்கட்டு போட்டுத் தாறன் புள்ள" என்றார். நீ "ஆகட்டுங்க" என்றாய். மழைநாளில் சோற்றுக் குண்டானை முந்தானையால் மூடிக்கொண்டு கொல்லையிலிருந்து நடந்து வருவாய்.

அப்பா கெட்டவரில்லை. உன்னைக் கைநீட்டி அடித்ததில்லை, ஒரு சுடுசொல் சொன்னதில்லை. உனக்கும் ஆசை என்று ஒன்று இருக்கும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை. நீயும் அது தோன்றும்படி நடந்துகொண்டதில்லை. தனக்குப் பிறகு வீடும் தோட்டமும் மியூசியம் ஆக வேண்டும், ஒரு டிரஸ்ட் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும், நீ உயிரோடு இருக்கும்வரை பின்னறையில் இருந்துகொள்ளலாம் என்று எழுதி வைத்தார். உன்னிடமும் கேட்டார். கேட்காமல் செய்தார் என்று பழி சொல்ல முடியாது. நம் பக்கத்து மரியாதை அப்படி. முகத்துக்கு நேரே யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. கேட்கிறவரும் அதைத் தெரிந்துகொண்டுதான் கேட்கிறார். நீ வழக்கம்போல "ஆகட்டுங்க" என்றாய்.

அப்பா போனபோது அவரை ஆசாரத்தில் கிடத்தினோம். வாசலைத் தாண்டினதும் இருக்கிற அந்த நடுக்கூடத்துக்கு நாம் வைத்திருந்த பெயர் அது. அந்த வீட்டுக்குப் பால் காய்ச்சிக் குடிபுகுந்தது அங்கே, என் நிச்சயம் நடந்தது அங்கே. தலைமாட்டில் விளக்கு எரிந்தது. அண்ணன் பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி வந்தார்கள். எடுத்துக்கொண்டு போனபிறகு பார்த்தால் சுவரில் இருந்த ஒரு தஞ்சாவூர்ப் படத்தில் கரி படிந்திருந்தது. நல்லது செய்வதாக நினைத்து நீ ஈரத்துணியால் துடைத்தாய். தங்கரேக்கு உன் துணியோடு வந்துவிட்டது. புருஷன் செத்ததற்கு அழுததைவிட அந்தப் படத்துக்கு நீ அதிகமாக அழுதாய் என்று எனக்குத் தோன்றியது. அப்பா இருந்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், அம்மா. படத்தைத்தான் பார்த்திருப்பார். அதை நினைத்துத்தான் நீ அழுதிருப்பாய்.

அதற்கப்புறம் டிரஸ்டுக்காரர்கள் ஒரு சட்டம் வைத்தார்கள். ஆசாரத்தில் நெருப்பு, புகை, ஈரம் எதுவும் கூடாது. உன்னிடம் வந்து பணிவாகக் கேட்டார்கள். நீ என்ன சொன்னாய் என்று நான் எழுத வேண்டியதில்லை.

மியூசியம் திறந்தது. உன் தோட்டமும் போயிற்று. அவரைப் பந்தல் இருந்த இடத்தில் புல்தரை வந்தது. கத்திரிப் பாத்தியில் ஒரு கல்யானை வந்து நின்றது. பார்க்க வருகிறவர்கள் மேல் கம்பளிப்பூச்சி விழுகிறது என்று முருங்கையை வெட்டினார்கள். சுற்றுவட்டாரத்தில் கிணற்றுத் தண்ணீரையெல்லாம் சாயப்பட்டறைக்கு லாரி லாரியாக விற்றுக்கொண்டிருந்த காலம். நம் கிணறு புல்லுக்கு ஓடியது. "ஒரு மாடு கட்டி மேய்க்கறதுக்கும் இல்ல. இந்தப் புல்லுக்கு எதுக்குக் கண்ணு இத்தன தண்ணி?" என்று என்னிடம் மட்டும் கேட்டாய். என்னிடம் கேட்டு என்ன செய்ய?

ஒரு நாள் நான் குடியிருக்கும் மண்ணரையிலிருந்து உன்னைப் பார்க்க வந்திருந்தேன். வெளியூர்க்காரர்கள் ஒரு புருஷன் பெண்டாட்டி வழி தவறி உன் அறைக்குள் வந்துவிட்டார்கள். அந்தம்மா உன் கட்டிலைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது எந்தக் காலத்துக் கட்டில்?" என்றாள்.

"நான் படுக்கற கட்டலுங்க. உக்காருங்க, தண்ணி குடிக்கறீங்ளா?" என்றாய் நீ.

அவர்கள் கூசிப்போய் வெளியேறினார்கள். அந்த ஆத்திரத்தில்தான் உன்னை என்னோடு வந்துவிடச் சொல்லிச் சண்டை போட்டேன். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாய்.

"எல்லாத்தையும் குடுத்துட்டன். இனி எங்க கண்ணு வாரது?" என்றாய். உரித்ததைத் தட்டில் ஒதுக்கிவிட்டு, "ஒண்ணே ஒண்ணு. நாஞ் செத்தா என்னைய ஆசாரத்துல போடோணும். குடிவந்த அன்னிக்கு அந்தப் படி தாண்டித்தான் உள்ள வந்தன். அது வழியாத்தான் போகோணும்" என்றாய்.

"அங்க வெளக்கு வெக்க உட மாட்டாங்களேம்மா?"

"எனக்கென்ன வெளக்கு, பந்தம். படம் கெட்டா உங்கப்பா மனசு கேக்காது. சும்மா ஒரு அரைமணி நேரம் கெடந்துட்டுப் போனாப் போதும்."

வாழ்நாளில் நீ வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். அதனால்தான் அதை நான் விடவில்லை.

நீ போன அன்று விடிந்து நான் வந்து சேர்வதற்குள் அண்ணன் போர்ட்டிகோவில் சாமியானா போட்டு நாற்காலி போட்டுவிட்டார். மியூசியத்தைப் பார்த்துக்கொள்ளும் திருநெல்வேலிப் பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான். உன் கையால் எத்தனையோ வேளை சாப்பிட்டவன். "அக்கா, இன்னைக்கு ஒருத்தரையும் உள்ள விடமாட்டேன். பூட்டிப் போட்டுருதேன். அம்மாவ ஆசாரத்துலயே வைங்க. ஆனா நெருப்பு மட்டும் வேண்டாம்க்கா. அதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல" என்றான்.

அண்ணன் குதித்தார். "வெளக்கு வெக்காமப் பொணத்தக் கெடத்துவாங்களா எங்காச்சும்? ஒறம்பரையெல்லாம் காறித் துப்பும். இங்க போர்ட்டிகோவுலயே போடலாம். எம் பசங்க பந்தம் புடிக்கோணும்."

"அம்மா ஆசாரத்துலதான் கெடக்கோணும்னு சொன்னாங்ணா."

"எங்கிட்டச் சொல்லல."

உன்னிடம் யார் கேட்டார்கள், நீ சொல்வதற்கு? கம்பெனி கைக்கு வந்ததும் வருடத்துக்கு ஒரு சேலையோடு தன் கடமை முடிந்தது என்று இருந்தவர் அவர். ஆனால் அன்று அவரும் அழுதுகொண்டுதான் இருந்தார். அம்மாவுக்கு விளக்கு வேண்டும் என்றுதான் சண்டை போட்டார். அதையும் நான் சொல்லத்தான் வேண்டும். வாசலுக்கு வெளியே ஒரு விளக்கு வைக்கலாமே என்று ஒரு சித்தி சொன்னாள். "அது ஆருக்கு வெளக்கு?" என்றார் அண்ணன். முதலில் ஆசாரம், பிறகு போர்ட்டிகோ என்றும் செய்ய முடியாதாம். கிடத்தின இடத்திலிருந்து எடுத்தால் நேரே சுடுகாட்டுக்குத்தான் போகவேண்டுமாம். ஆக, ஒன்று உன் இடம், இல்லையென்றால் உன் விளக்கு.

நான் இடத்தைக் கேட்டேன்.

கொல்லையில் உன் சமையக்கட்டுக்குப் பின்னால் வைத்து எண்ணெயும் சீயக்காயும் தேய்த்துத் தலைக்கு ஊற்றினோம். உனக்கு அந்த வயதிலும் அடர்த்தியான முடி. தூக்கப் போகும்போது அந்தப் பையன் தயங்கித் தயங்கி வந்தான். "அக்கா, தப்பா நெனைக்காதிய. முடியில தண்ணி சொட்டுது" என்றான்.

நாங்கள் நடத்தும் தையல் யூனிட்டின் வேனில் பனியன் துணி வெட்டுத்துண்டுகள் ஒரு மூட்டை கிடந்தது. அதை எடுத்துவரச் சொன்னேன். உன் தலையை மடியில் வைத்துத் துவட்டினேன். வெள்ளைத் துண்டுகள் ஒவ்வொன்றாக நனைந்தன. நனைந்ததை எறிந்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். முடியைப் பிரித்துப் பிரித்து, பிடரியில், காதுக்குப் பின்னால், ஒரு சொட்டு இல்லாமல் துடைத்தேன். பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உயிரோடு இருந்தபோது ஒரு நாள் உனக்கு நான் தலை துவட்டியதில்லை, அம்மா.

ஆசாரத்தில் உன்னைக் கிடத்தினோம். உறவுக்காரர்கள் வாசற்படியோடு நின்றுவிட்டார்கள். விளக்கில்லாத பிணத்தின் பக்கத்தில் யார் உட்காருவார்கள்? உள்ளே நானும் நீயும்தான். சன்னல்களெல்லாம் வெயில் வராமல் சாத்திக் கிடந்தன. அந்தப் பையன் சுவிட்சைப் போட்டான். ஒவ்வொரு படத்துக்கு மேலும் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. நீலச் சேலைக்காரிக்கு எரிந்தது, வாங்கி வந்த கதவுகளுக்கு எரிந்தது. நடுவில் தரையில் கிடந்த உனக்கு மட்டும் இல்லை. நீ கேட்ட அரைமணி நேரம் கிடந்தாய். பிறகு தூக்கினார்கள். உன்னை அந்தப் படி வழியாகத்தான் கொண்டுபோனோம்.

அண்ணன் அதற்கப்புறம் என் வீட்டுப் படி ஏறவில்லை. காரியம் முடிந்த அன்று கடைசியாக என்னிடம் பேசியது ஒரே வார்த்தை. "அம்மாவ இருட்டுல தாட்டி உட்டுட்டியே."

இருட்டில் அனுப்பிவைத்தேன் என்ற அந்தப் பழியை நான் சுமந்துகொண்டுதான் இருக்கிறேன். பகலில் பதில் சொல்லிக்கொள்வேன். அம்மா கேட்டதைத்தானே செய்தேன் என்று. ஆனால் சில சமயம் வேறொன்று தோன்றும். விளக்கு வேண்டாம் என்று நீ சொன்னது நிஜமாகவே வேண்டாம் என்றுதானா? இல்லை, அப்பாவிடமும் டிரஸ்டுக்காரர்களிடமும் சொன்னதைப் போல என்னிடமும் ஒரு "ஆகட்டுங்க" சொன்னாயா? உன்னை எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இனி வழியில்லை.

போன வாரம் மகள் ஊரிலிருந்து வந்திருந்தாள். தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். துவட்டிவிட்டேன். கொஞ்சநேரம் கழித்து அவள் என் கையைப் பிடித்தாள்.

"போதும்மா, உடு. அப்பவே காஞ்சு போச்சு."

எனக்கு அது இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.