கிள்ளானில் இறங்காதவர்

பிரிக்பீல்ட்ஸ்
7-2-1938

கிள்ளான் வீரம்மாவுக்கு, பக்கிரிசாமி எழுதுவது.

படித்து முடிக்கும் வரை இதைக் கிழிக்க வேண்டாம். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் உன் அப்பா கிள்ளான் ஆற்றோரம் மாடு வைத்துப் பால் விற்றாரே, அங்கே தினமும் காலையில் ஒரு செம்பு பால் வாங்கி நின்றபடியே குடித்த ரயில்வே கூலிக்காரன் நான். எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. குடித்துவிட்டுப் பாலத்துக்கு அடியில் போய் வாந்தி எடுப்பேன். ஊற்றும்போது ஒரு முறையாவது நிமிர்ந்து பார்ப்பாய் என்று ஆறு மாதம் குடித்தேன். நீ செம்பைத்தான் பார்த்தாய்.

நீ என்றே எழுதுகிறேன். பதினாறு வயதில் பார்த்த பெண்ணை நீங்கள் என்று எழுதக் கை வரவில்லை.

போன வாரம் இங்கே கோலாலம்பூரில் முடிவெட்டும் கடையில் உன் தம்பி நாகையாவைப் பார்த்தேன். அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பேச்சுவாக்கில், "யாரோ ஒரு படுபாவி எங்க வாசல்ல எலுமிச்சம்பழத்துல குங்குமம் தடவி வச்சிட்டான் அண்ணே. செய்வினை. எங்கப்பா பயந்து மாட்டையெல்லாம் வித்துட்டு பந்திங்குக்கு ஓடிட்டாரு" என்று சொல்லிச் சிரித்தான். பாதி சவரத்தில் எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் அவனைத் தேடிப் பிடித்து உன் விலாசம் வாங்கினேன். கணவர் காலமாகி, நீ மகன் வீட்டில் மறுபடியும் கிள்ளானிலேயே இருப்பதாகச் சொன்னான்.

அந்தப் படுபாவி நான்தான். அது செய்வினை இல்லை. சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாள் சீனப் பெண்கள் நல்ல மாப்பிள்ளை வேண்டி ஆற்றில் ஆரஞ்சுப் பழம் போடுவதைப் பார்த்தேன். பழத்தை எடுத்தவனுக்கு அந்தப் பெண் என்று பினாங்குக்காரன் ஒருவன் சொன்னான். நானும் ஒரு பழம் வைத்தால், சம்மதம் இருந்தால் நீ எடுப்பாய் என்று நினைத்தேன். பாசாரில் ஆரஞ்சு தீர்ந்துபோய் எலுமிச்சைதான் இருந்தது. வெறும் பழமாக இருக்க வேண்டாமே என்று குங்குமம் வைத்தேன். ஏழு நாள், ஏழு பழம். பத்தாம் நாள் தொழுவம் காலி.

இனிக் கிள்ளான் மண்ணில் கால் வைப்பதில்லை என்று அன்று சபதம் செய்தேன். பிறகு ரயிலில் பிரேக் வேலை. தினமும் கிள்ளானைக் கடப்பேன், ஒரு நாளும் இறங்கியதில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. இந்த எழுத்துகூட ஸ்டேஷன் பலகைகளைப் பார்த்து நானே பழகியது.

ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம் நீ. அதுதான் என் குறை. பழம் எதற்கென்று இப்போது சொல்லிவிட்டேன். எனக்குப் பதில் வேண்டும்.

பக்கிரிசாமி

கிள்ளான்
15-2-1938

பக்கிரிசாமி அண்ணன் அவர்களுக்கு வீரம்மா வணக்கம் சொல்லி எழுதுவது. மகன், மருமகள், பேரன் எல்லாரும் சுகம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

மூன்றாம் நாள் விடியலில் வைக்கோல் போருக்குப் பின்னால் நின்று உங்களைப் பார்த்தேன். தோளில் கிடந்த துண்டால் தரையைத் துடைத்துவிட்டுப் பழத்தை வைத்தீர்கள். செய்வினை வைக்கிறவன் எதற்குத் தரையைத் துடைக்கிறான் என்று யோசித்தேன். அப்பா பாலில் தண்ணீர் கலப்பது தெரிந்து, அந்தக் கோபத்தில் வைக்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன்.

அந்த வாரம் சிவப்பு மாடு பால் வற்றிப்போனது. அப்பா அரிவாளை எடுத்துக்கொண்டு, "வச்சது யாரு? பாத்தியா?" என்று என்னைக் கேட்டார். "பாக்கலப்பா" என்றேன். இன்று வரை யாரிடமும் சொல்லவில்லை. எங்களை வெறுக்கிற ஆளை எதற்குக் காப்பாற்றினேன் என்று எனக்கே தெரியாமல் இருந்தது.

பந்திங்கில் கட்டிக்கொடுத்தார்கள். அவர் நல்லவர். ஐந்து வருஷமாகிறது போய். வேறென்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை.

வீரம்மா

பிரிக்பீல்ட்ஸ்
19-2-1938

வீரம்மாவுக்கு,

அண்ணன் என்று எழுதாதே. வாந்தி எடுத்தது அதற்காக இல்லை.

வெறுத்தேன் என்று நினைத்துக்கொண்டே என் பெயரைச் சொல்லாமல் இருந்தாயே. அந்த வரியை நாலைந்து தடவை படித்தேன். ஆனாலும் நீ கேட்டிருக்கலாம். அதை நான் விடமாட்டேன்.

உன்னைப் பார்க்க வேண்டும். நீதான் இங்கே வர வேண்டும். ஏழு நாள் நான் உன் வாசலுக்கு வந்தாயிற்று.

பக்கிரிசாமி

கிள்ளான்
27-2-1938

பக்கிரிசாமி அவர்களுக்கு,

கோலாலம்பூருக்கு என்று மகனிடம் என்ன சொல்லிக்கொண்டு கிளம்புவது? ஸ்டேஷன் வரைக்கும் என்னால் வர முடியும். அடுத்த ஞாயிறு பத்து மணி வண்டிக்கு அங்கே மரப்பலகையில் உட்கார்ந்திருப்பேன். தலை நரைத்துவிட்டது. பதினாறு வயதுப் பெண்ணைத் தேடாதீர்கள்.

வீரம்மா

பிரிக்பீல்ட்ஸ்
7-3-1938

வீரம்மாவுக்கு,

நேற்று வந்தேன். வெள்ளைப் புடவையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நரையெல்லாம் தெரியவில்லை. கதவைத் திறந்து ஒரு காலைப் படியில் வைத்தேன். அடுத்த கால் வரவில்லை. வண்டி கிளம்பிவிட்டது. கடைசி ஸ்டேஷனான துறைமுகம் வரை போய்த் திரும்பி வந்தேன். நீ அசையாமல் அங்கேயே இருந்தாய். அப்போதும் இறங்கவில்லை.

முப்பத்திரண்டு வருஷமாக என்னிடம் இருப்பது அந்தச் சபதம் ஒன்றுதான். அதையும் விட்டால் பழம் வைத்தது, காத்திருந்தது எல்லாம் வெறும் விளையாட்டு என்று ஆகிவிடும். செய்தது தப்பென்று எழுத மாட்டேன். ஆனால் நேற்றிலிருந்து சோறு வேண்டியிருக்கவில்லை.

பக்கிரிசாமி

கிள்ளான்
14-3-1938

அங்கே இருப்பவருக்கு,

மூன்றாவது பெட்டி. படியில் ஒரு காலோடு நின்றதைப் பார்த்ததுமே நீங்கள்தான் என்று தெரிந்துவிட்டது. எழுந்து வந்து கையைப் பிடித்து இழுத்திருப்பேன். ஆனால் எனக்கும் பிடிவாதம் உண்டு. திரும்பும் வண்டியிலாவது இறங்குகிறீர்களா என்று பார்க்கத்தான் வெயிலில் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மகன், "இவ்வளவு நேரம் எங்கம்மா போயிருந்தீங்க?" என்று கேட்டான். பொய் சொல்ல வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வேலைக்குப் போகும்போது, "ஞாயித்துக்கெழம குடைய மறந்திடாதீங்கம்மா" என்றான்.

ஆகவே நீங்கள் இறங்க வேண்டாம். வரும் ஞாயிறு துறைமுகத்துக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு அதே பத்து மணி வண்டியில், அதே பெட்டியில் ஏறுகிறேன். கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். ஜன்னலோரம் எனக்கு வேண்டும்.

வீரம்மா