எழுபத்தெட்டுலயே நிக்கிது

பவித்ரா அப்பாவுக்கு,

இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு. குடோன் சாவியை அடுப்படி ஆணியில மாட்டியிருக்கேன். பத்து மணிக்கு வண்டன்மேட்டு வியாபாரி சாம்பிள் பார்க்க வர்றாரு, வெரசா குளிச்சிருங்க.

நான் சுருளியம்மாக்கா கூட நம்ம தோட்டத்துக்கு ஏலக்காய் எடுக்கப் போறேன், ஆளுக ஏறுற ஜீப்புலயே. முதலாளி பொண்டாட்டி செடிக்குள்ள குனிஞ்சா கௌரவம் போயிரும்னு சொன்னீங்க. போகட்டும். ராத்திரி சோத்தை விட்டேன், காபிக்குச் சீனியை விட்டேன், தினமும் தெருவை நாலு சுத்து சுத்துறேன். ரெண்டு மாசமா எடை எழுபத்தெட்டுலயே நிக்கிது. அம்பது வயசுக்கு மேல இறங்காதுன்னீங்க. சரிவுல நாள் முழுக்கக் குனிஞ்சு நிமிர்ந்தா இறங்குதா இல்லையான்னு நானே பார்த்துக்கிறேன்.

நேத்து காய் நிறுக்குற மெஷின்ல என்னை ஏத்தி, ஆளுக முன்னாடி, "சாக்குக்குக் கழிக்கிற மாதிரி சேலைக்கு அரைக்கிலோ கழிச்சுக்க"ன்னு சிரிச்சீங்களே, அது எனக்கு இன்னும் ஆறலை.

சாயந்தரம் வெந்நீர் போட்டு வைங்க. இடுப்பு வலிக்கும். வலிக்குதுன்னு நான் சொல்ல மாட்டேன்.

எழுத மறந்துட்டேன். காய் எடுக்குற பொம்பளைக சேலைக்கு மேல ஆம்பளைச் சட்டை போடுவாங்கள்ல, அதுக்கு உங்க நீலக்கட்டம் போட்ட முழுக்கைச் சட்டையை எடுத்துட்டேன். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி உங்களுக்குத் தெரியாம இதைப் போட்டுப் பார்த்தேன், நடுப்பட்டன் எட்டலை. இன்னைக்கு எல்லாப் பட்டனும் போட்டாச்சு.

இதை உங்க மெஷின்ல வச்சு நிறுத்துப் பாருங்க.